டிரெய்லரில் ஏற்றமாட்டேன்

மார்ச் 11, செவ்வாய்

பழங்கால கார் கிளப் கூட்டம். ஈஸ்டருக்கு புரோக்கன் ஹில் பயணம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் கார்கள் டிரெய்லரில்தான் வரவேண்டுமாம். அங்கே போய் ஊருக்குள் மட்டும் ஓட்டிக்காட்டலாமாம். என்னுடையது ஓடுவதற்காகவே 1927-இல் செய்த கார். மணப்பெண்ணா அது, பல்லக்கில் போக?

விடாமல் சண்டை போட்டேன். செயலர் டெஸ்மண்ட் இறங்கி வந்தான். "சரி மெர்ல், ஓட்டிட்டே வாங்க. ஆனா வழியில நின்னு ஒருதடவை டிரெய்லர்ல ஏத்திட்டோம்னா, அப்புறம் எப்பவும் டிரெய்லர்தான்."

ஒத்துக்கொண்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி.

ஏப்ரல் 2

வழிக்கு மாற்றுச் சாமான்கள் ஏற்றினேன்: மேக்னெட்டோ, தண்ணீர் பம்ப், பின் அச்சு, டியூப்கள், ரம்பம், இரண்டு ஜாக்கி. தங்கை ஈவோன் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இன்னொரு காரையே பிரிச்சு உள்ள வச்சிருக்கியே. நான் எங்க உட்கார?"

"அச்சு மேல."

ஏப்ரல் 16

கிரீஸ் அடித்தேன். டெஸ்மண்ட் போன் செய்தான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வழியில் யுன்டா என்ற சிற்றூரைத் தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது, பட்டைக்கு இல்லை. அதை உடைத்ததே மாற்றுச் சாமான்களின் கனம்தான் — யாரைத் திட்டுவேன்? ஈவோன் இறங்கி, ரம்பத்தை எடுத்து நீட்டினாள்.

டெஸ்மண்டின் வண்டி வந்து நின்றது. பின்னால் டிரெய்லரில் அவன் கார், உறை போர்த்தி. என் காருக்கு இடம் வேண்டுமென்று அதைச் சந்தோஷமாக இறக்கினான்.

சாய்ந்து கிடந்த வேலிக் கட்டை ஒன்றை நான் அறுத்து, உடைந்த பட்டைக்குப் பதிலாக அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே செருகி, வேலிக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மெர்ல், பிடிவாதம் போதும். ஏத்துங்க."

"ஏத்துறேன்."

சாமான்களை ஒவ்வொன்றாக டிரெய்லரில் வைத்தேன். அச்சைத் தூக்க அவனே கைகொடுத்தான், பாவம். டிரெய்லர் நிறைந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"அப்ப என் கார்?"

"ஓட்டிட்டு வா. ஓடும்ல?"

அவன் மனைவி கிளெனிஸ் வண்டிக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. மெதுவாகத்தான் போனோம். ஆனால் எங்கள் சக்கரத்தில் போனோம். என் கார் டிரெய்லரைத் தொடவில்லை. இனி எவன் கேட்டாலும் இதுதான் பதில்.

ஏப்ரல் 21, திங்கள்

ஊர் திரும்பும் நாள். கட்டையை மாற்றவில்லை, கம்பியை மட்டும் இன்னொரு சுற்று சுற்றினேன்.

டெஸ்மண்டின் காரின் முன்கண்ணாடியில் வழியெல்லாம் மோதிய பூச்சிகள் ஒட்டியிருந்தன. கிளெனிஸ் ஈரத்துணியோடு வந்தாள். "துடைச்சு, உறையைப் போட்டு ஏத்திரலாமா?"

"வேண்டாம்" என்றான். "இருக்கட்டும். ஓட்டிட்டே போறேன்."