மூடாத இடது காது

என் தங்கமான அக்கா,

முருகன் காலடியில் சுகமாக இருப்பாய். நான் ராயபுரத்தில் உன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விளக்கு வைத்தாயிற்று. பேச்சு நின்று படுக்கையில் கிடக்கும் உன் வீட்டுக்காரருக்கு, என் மாமாவுக்கு, இட்லியும் ஊட்டியாயிற்று. என் சட்னி காரம் போலிருக்கிறது, உன் கைப்பக்குவத்தைத் தேடுகிறார்.

நீ கட்டிய முருகன் பாட்டைத் தைப்பூசத்துக்குக் கோயிலில் போட வேண்டும் என்று நான்தானே ஒத்தைக்காலில் நின்றேன்? என் மகனுடைய மைக்கையும் ஹெட்போனையும் தூக்கி வந்து, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பனியன் துணியைத் தொங்கவிட்டேன். ஹெட்போனில் ஆர்மோனியம் ஓடும். நீ அதைக் கேட்டுப் பாட வேண்டும், மைக்கில் உன் குரல் மட்டும் விழ வேண்டும். நீயோ இடது காதை மூடவே மாட்டேன் என்று, ஹெட்போனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டே பாடினாய்.

கோயில்காரர் பதிவைக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாருக்குதுங்க. ஆனாப் பின்னால கொசு ஆர்மோனியம் வாசிக்கிற மாரி இருக்குதுங்களே" என்றார். ஹெட்போனின் திறந்து கிடந்த பக்கத்திலிருந்து மைக்கில் கசிந்த சத்தம்தான்.

"ரெண்டு காதையும் மூடுக்கா."

"ஒண்ணு தெறந்திருக்கட்டும் கண்ணு. அப்பத்தான் எனக்குப் பாட்டு வரும்."

"ஆமா, பெரிய பாடகி! காதுக்குக் காத்து வாங்கோணுமாக்கும்!"

சொன்னதோடு விட்டேனா? காலருக்கு வைக்கும், இழுத்தால் நீளும் ரிப் துணியை எடுத்து, பல்வலிக்காரிக்குக் கட்டுகிற மாதிரி ஹெட்போனோடு உன் தலையை இறுக்கிக் கட்டினேன். நீ சிரித்தாய். தெருவில் எவனும் ஹாரன் அடிக்காமல் பார்க்க நான் வாசலில் போய் நின்றேன்.

நீ பாடி முடித்ததும் போட்டுக் கேட்டால் ஒரு பொட்டுக் கசிவில்லை. ஆனால் டங் டங் என்று ஏதோ கேட்டது. பக்கத்துக் கட்டட வேலை என்று நினைத்து, "நாளைக்கு இன்னொருக்காப் பாடிரு" என்றேன்.

மறுநாள் வந்தபோது மாமாவின் வேட்டியும் படுக்கை விரிப்பும் கொடியில் காய்ந்தன. "இனி நான் பாடுலீ கண்ணு" என்றாய். காரணம் சொல்லவில்லை. கிராக்கி பண்ணுகிறாய் என்று கோபித்துக்கொண்டு போனவள், பத்து நாள் உன் வாசல்படி மிதிக்கவில்லை. அப்புறம் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து இங்கே தங்கிய முதல் நாள், உள்ளே டங் டங் என்றது. எப்போதும் நீ சாத்தியே வைத்திருக்கும் அறை. ஓடிப் பார்த்தால், மாமா எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். ஒண்ணுக்குப் போக வேண்டுமாம். அவரைக் கவனித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா.

அந்தப் பதிவைத் திரும்பப் போட்டேன். நீ முருகா முருகா என்று உருகுகிறாய். மாமா தட்டிக்கொண்டே இருக்கிறார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் தட்டுவது நின்றுவிடுகிறது. நீ பாடிக்கொண்டிருக்கிறாய்.

ஏனக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? வேட்டி நனைந்ததைச் சொல்லாமல் அவர் மானத்தை மூடிவைக்கவா? நானாவது ஏன் என்று ஒரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

மகனிடம் சொல்லி அழுதேன். "ஹெட்போன்ல இடது பக்கத்துச் சத்தத்த மட்டும் நிறுத்தியிருந்தாப் போதும்மா. காது தெறந்தே இருந்திருக்கலாம்" என்றான். ஒரு நிமிஷ வேலையாம்.

உன் பாட்டைக் கோயிலுக்கு நானே பாடித் தரப்போகிறேன். கட்டைக்குரல்தான், முருகன் பொறுத்துக்கொள்வான். இடப்பக்கம் ஹெட்போனில் சத்தம் இருக்காது. காது திறந்திருக்கும். டம்ளர் சத்தம் கேட்டால், எந்த வரியில் இருந்தாலும் எழுந்து போய்விடுவேன். சாமி காத்திருக்கட்டும். இது உன் தலைமேல் சத்தியம்.

உன் காதைக் கட்டிய தங்கச்சி,
சரசு