தேறிய உடம்பு

அத்தை,

இன்று புத்தூரில் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனேன். என் மேற்கையில் டேப்பைச் சுற்றிய தையல்காரம்மா, "போன தடவைய விட ஏறிக்கினே போவுதே" என்று உரக்கச் சொன்னாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த மறுவருஷமே எனக்கு முடக்குவாதம் வந்தது. உங்கள் மகன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கி, சடை பின்னக்கூட முடியாமல் கிடந்த என்னை நீங்கள்தான் குளிப்பாட்டினீர்கள். சோறு இறங்காமல் எலும்பும் தோலுமானேன். திருப்பதி டாக்டர் புது ஊசி ஒன்றை ஆரம்பித்தார். ஐஸ் பெட்டியில் வைத்து அதை நாம் பஸ்ஸில் கொண்டுவருவோம். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பசி வந்தது. நடந்தேன், தண்ணீர் தூக்கினேன், பருத்தும் போனேன். நோய் அடங்கினால் இழந்த எடை திரும்பும், சிலருக்குக் கூடுதலாகவும் ஏறும் என்றார் டாக்டர். புரிந்தது. ஆனாலும் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் மகன் போட்டோ கேட்டபோதெல்லாம் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

நாராயணவனத்தில் உங்கள் தங்கை மகளின் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் வயிற்றைப் பார்த்து, "எந்நோ நெலம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள். எத்தனையாவது மாதமாம். புருஷன் கடைசியாக ஊருக்கு வந்து போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது அந்தப் பந்தியில் பாதிப் பேருக்குத் தெரியும். எடுத்த சோறு என் கையிலேயே நின்றது.

"மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நோவு போயி என் மருமவ நல்லா துன்னுது. நீ உன் எலயப் பாத்து துன்னு" என்றீர்கள்.

யாரோ சிரித்தார்கள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "இனிமே ஊசி வேணா அத்த. பழையபடி எளச்சிடறேன்" என்றேன். நீங்கள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினீர்கள்.

"எளச்சி, மறுபடி படுத்துக்கினா யாரு தூக்கறது? உன்னத் தூக்கும்போது கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சி. எனக்கு எவ்ளோ பயம் தெரியுமா?"

கோபமாகத்தான் சொன்னீர்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அடுத்த ஊசிக்கு விடியற்காலையிலேயே கிளம்பி வாசலில் நின்றீர்கள். ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் வந்தேன்.

உங்கள் மகன் லீவில் வந்தபோது, என்னைப் பார்த்து வாசலிலேயே ஒரு கணம் திகைத்து நின்றார். அதை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். நாம் அதைப் பற்றி என்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் அவருக்குப் பரிமாறிவிட்டு நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து நீங்கள் படுத்தீர்கள். பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். "கூச்சமா கீதும்மா" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும் அத்தை. அதனால்தான் முதலில் உங்கள் புடவையைச் சரிசெய்தேன்.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. கல்யாண வீடுகளில் ஓரமாகத்தான் உட்காருகிறேன். ஊசியை மட்டும் ஒரு தடவைகூட விட்டதில்லை. உங்கள் கடைசி நாள்வரை உங்களைத் தூக்க இந்தக் கைகளால் முடிந்தது.