அழாத பிள்ளைக்கு

விருத்தாசலம்
18.7.1993

அன்பு மகன் கொளஞ்சிநாதனுக்கு அம்மா தங்கம்மாள் எழுதிக்கொண்டது, கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், வடக்கே பிலாயில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு செராமிக் கம்பெனித் தூசியில் இருமல் குறையவில்லை, வேலைக்குப் போய்த்தான் வருகிறார். தன் அப்பா காரியத்துக்குத் திட்டக்குடி வந்த உன் மனைவி அனுசியா, பாப்பாவோடு பத்து நாளாக இங்கே இருக்கிறாள். அவள் உன்னைக் குறை சொல்ல வரவில்லை, நான் துருவிக் கேட்டதால் சொன்னாள். தந்தி வந்த அன்று அவள் தரையில் விழுந்து அழ, நீ ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் ஒரு மணி நேரம் சைக்கிளைத் துடைத்தாயாம். "திட்டல, அடிக்கல அத்த, நான் எதுக்கு அழுவுறேன்னே அவருக்குப் புரியல" என்றாள். நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

நீ பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்குக் காசநோய் வந்து மெட்ராஸில் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும், தெரியாததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு சூளையில் ஷிப்ட், அதனால் உன்னை நல்லூரில் பெரியம்மா வீடு, மங்கலம்பேட்டையில் அத்தை வீடு, அப்புறம் பக்கத்து வீட்டுக் கமலம் என்று மாற்றி மாற்றி விட்டார். முதலில் வாசலைப் பார்த்தே அழுதாயாம், பிறகு அழுகை நின்றுவிட்டதாம். நான் திரும்பி வந்து கையை நீட்டினேன், நீ கமலத்திடம் கேட்டாய், "இவங்க எப்ப அவங்க வூட்டுக்குப் போவாங்க?" முகத்தில் கோபம்கூட இல்லை. அதற்கப்புறம் விழுந்தாலும் அழமாட்டாய், காய்ச்சலிலும் கூப்பிடமாட்டாய், தெருவே தங்கமான பிள்ளை என்றது, உடம்பு தேறாத எனக்கும் அது வசதியாக இருந்தது. அழுதால் ஆள் வரும் என்பதே உனக்கு மறந்துபோச்சு, அடுத்தவர் அழுகை மட்டும் எப்படிப் புரியும். பாப்பா தவழும்போது குப்புற விழுந்தால் உடனே அனுசியா முகத்தைத் தேடுகிறது, அவள் சிரித்தால் தானும் சிரிக்கிறது. நீ யார் முகத்தைத் தேடினாயோ. இருபத்தேழு வயசுப் பிள்ளையை இனி நான் இடுப்பில் தூக்கிவைக்கவா முடியும், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன், பழசைக் கிளறாதே என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அனுசியாவை அவள் தம்பி துணையோடு ரயில் ஏற்றிவிடுகிறோம். அவள் மறுபடி அழுதால் எழுந்து போகாதே, பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திரு. மூணு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, பாப்பா உன்னைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஸ்டேஷனில் நீ கையில் வாங்கினால் வீரிட்டு அழும். கோபித்துக்கொள்ளாதேப்பா, அது அழட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ச. தங்கம்மாள்