காரம் போடாத வறுவல்

என் செல்ல மகளுக்கு,

விடுதி மூடிக் கிடக்கிறது. காவலுக்கு நான் மட்டும்தான். இந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் உருளைக்கிழங்கைச் சீவி வறுத்தேன். கடல்காற்றில் மறுநாளே நமுத்துவிடும் என்பதால் வாரம் தவறாமல் புதிதாக வறுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமைப் படகு போனதும் வறுவலைத் தின்ன வரும் படகுத்துறை டிக்கெட்காரர் ஒருநாள் கேட்டார்: "உங்களுக்குக் காரம்னா உயிராச்சே! இதுல மிளகாப்பொடியே இல்லையே, யாருக்கு சார் இது?"

என் மகளுக்குக் காரம் ஆகாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு வயிறு சரியில்லப்பா" என்றேன்.

அன்றிலிருந்து மனிதர் வாராவாரம் ஏதோ கசப்பு மருந்தைக் காய்ச்சிக் கொண்டுவந்து, எதிரே நின்று குடிக்கவைக்கிறார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன்.

உன் கல்யாணத்தன்று நான் பேசியது அதிகம்தான்.

சனிக்கிழமைப் படகு நாலு மணிக்கு வரும்.

அப்பா