கன்னத்தில் ஒரு விரல் தடம்

பதுளை
தை, 1998

என் வீட்டு மகராசிக்கு,

பிள்ளையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ திருச்சிக்குப் போன பிறகு, நான் சேர்த்த உலகக் கண்காட்சிப் பதக்கங்களை விற்றுவிடலாம் என்றுதான் கொழும்பு வியாபாரியை வரச்சொன்னேன்.

பாரிஸ் பதக்கத்தில் இருக்கிற பெண்ணின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "அழுக்கா இருக்குங்களே" என்று கைக்குட்டையை எடுத்தார். பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

நம் பிள்ளை நாலு வயதில் விரல் வைத்த இடம் அது. வெண்கலமல்லவா, வரவரக் கறுத்திருக்கிறது. அன்றைக்கு நான் கத்தினேன். நீ, "பிள்ளதானேங்க, புளி போட்டு வெளக்குனா போயிரும்" என்றாய். பழைய பதக்கத்தை விளக்கவே கூடாது என்று நான் அடம்பிடித்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்தத் தடம் என் சுண்டுவிரல் நுனியை விடச் சின்னது.

வந்து பார். தொட்டுவிடாதே. நானும் தொடுவதில்லை.

உன் வீட்டுக்காரன்