பொல்லடிக்கு ஒரு கேம் பெட்டி

பாலமுனை
2025 பெப்ரவரி 03, திங்கட்கிழமை

அன்பின் நண்பர் பெனடிக் நேசரட்ணம் அவர்களுக்கு,

இறைவன் கிருபையால் நானும் றஹீமாவும் சுகம். உமது சுகத்தை மட்டும் நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்கிறது. நத்தார் வாழ்த்து அட்டை ஜனவரி 17ஆம் திகதி கிடைத்தது. அதில் நீர் திகதி இடவில்லை. கல்முனை நீர்ப்பாசனக் காரியாலயத்தில் இருபத்தொரு வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் இப்படிச் செய்யலாகாது.

சென்ற ஓகஸ்டில் உமக்குத் தொண்டையில் சத்திர சிகிச்சை நடந்த நாள் முதல் எத்தனை தடவை தொலைபேசியில் அழைத்துவிட்டேன். உமது மூத்த மகள் சொனியாவே எடுக்கிறாள். "அப்பா நித்திரை மாமா" என்கிறாள். கனடாவில் ஒரு மனிதன் இவ்வளவு நித்திரை கொள்வானா? ஆகவேதான் இக்கடிதம்.

என் செய்தி ஒன்று உண்டு. மகன் பஸால் கட்டாரிலிருந்து வந்தபோது பழைய கையடக்க கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். முப்பது வருடத்துக்கு முந்தியது. அதற்குள் செருகும், சின்னக் கேசட் போன்ற ஒரு சில்லினால் அதிலேயே இசை அமைக்கலாம். அந்தப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள்தான் எழுப்பத் தெரியும். மூன்று ஒலிகள் சுரம் பாடும். நான்காவதுக்குச் சுரமே கிடையாது. வெறும் இரைச்சல், 'ச்சக்' என்று. அந்த நான்கையும் வைத்துக்கொண்டு கரைவலை இழுக்கும் பாட்டு ஒன்றையும், நெல் வேளாண்மை வெட்டும்போது பாடும் பாட்டு ஒன்றையும் அமைத்து முடித்துவிட்டேன். இப்படிச் செய்வதைக் 'கவர்' என்று சொல்வார்களாம். பஸால் அவற்றை இணையத்தில் ஏற்றினான். பிரேசிலில் இருந்து ஒருவர் பாராட்டி எழுதியிருக்கிறார்.

றஹீமாவின் கருத்து வேறு. "வயசு எழுபத்திநாலு, மனிசன் காதுக்குள்ள ங்ஙீ என்டு கத்துற நுளம்போட கதைச்சிக்கிட்டு இரிக்கிறாரு" என்று அவள் தன் தங்கையிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

உமது பதிலில் திகதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது சுகம் விரும்பும்
மு. அச்சிமுகம்மது


ரொறன்ரோ
24.02.2025 (திகதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)

அன்பு மச்சான் அச்சி,

நான் நித்திரை இல்லை. சொனியா பொய் சொல்லுகிறாள், அதுவும் நான் சொல்லச் சொன்ன பொய்.

சத்திர சிகிச்சை என்று மட்டுந்தான் உனக்குச் சொன்னார்கள். என் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள், மச்சான். இப்போது நான் கதைப்பதென்றால் கைவிளக்குப் போன்ற ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்த வேண்டும். அது ரீங்காரம் போடும், நான் வாயை அசைப்பேன், சொல் வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 'உப்பு வேண்டும்' என்றாலும் 'அம்மா செத்துப்போனாள்' என்றாலும் ஒரே சுரம். இங்கே ஒரு பேக்கரியில் பாண் கேட்டேன். நின்ற பெட்டை இரண்டு அடி பின்னுக்குப் போய்விட்டாள்.

இளையவள் தினேஷாவுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை றொசான், கல்முனைப் பிள்ளைதான். ஓகஸ்ட் 30 சனிக்கிழமை. காலையில் கல்முனை மாதா கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து. நான் வருவேன். கோட் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பேன். பெண்ணின் தகப்பன் சொல்லவேண்டிய நன்றியுரையை என் பெரியண்ணன் எழுத்தைப் பார்த்து வாசிப்பார். கோயிலிலும் கலியாண வீட்டிலும் ஊர் முழுக்க என் பாட்டைக் கேட்டது. இந்தச் சத்தத்தை அவர்கள் கேட்க நான் விடமாட்டேன். கல்முனையில் இருக்கிற தினேஷாவே இன்னும் கேட்கவில்லை.

உன் கரைவலைப் பாட்டைச் சொனியா போட்டுக் காட்டினாள். சிரித்துவிட்டேன். உன் பெட்டியின் சத்தமும் என் கழுத்தின் சத்தமும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை.

உன்,
பெனடிக்


பாலமுனை
2025 மார்ச் 09, ஞாயிற்றுக்கிழமை, நோன்பு எட்டு

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை முடிக்க முடியவில்லை. உமது வேதனையை ஒருவாறு உணர்ந்தேன் என்பதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

தினேஷாவின் விருந்துக்கு எங்கள் பாலமுனைப் பொல்லடிக் குழு வரும். தலைவர் நிப்றாஸிடம் பேசிவிட்டேன். பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று கம்போடு கம்பு அடித்து ஆடும்போது எழும் ஒலியைச் சற்று நினைத்துப் பாரும். ச்சக், ச்சக். என் பெட்டியின் நான்காம் ஒலி அச்சொட்டாக அதுவேதான்! ஒரு பொல்லடிப் பாட்டைப் பெட்டிக்காக அமைக்கத் தொடங்கியுள்ளேன். தலைவர் பாடும் இடத்தில் பெட்டி பாடும்.

ஒரு விண்ணப்பம். உமது கருவி எந்தச் சுரத்தில் ரீங்கரிக்கிறது என்பதை அறிந்து எழுதும். ஒரு நிமிடம் அதில் ஏதாவது சொல்லிப் பதிவுசெய்து அனுப்பினால் மேலும் நல்லது. ஐந்தாவது ஒலியாக அதைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
மு. அச்சிமுகம்மது


ரொறன்ரோ
22.04.2025

அச்சிமுகம்மது,

உனக்கு எல்லாமே ஒலி. என் கழுத்து உன் விளையாட்டுச் சாமான் இல்லை.

பெரிய வெள்ளி அன்று, 18ஆம் திகதி, இங்குள்ள தமிழ்க் கோயிலுக்குப் போனேன். எல்லோரும் பதில் செபம் சொல்லும்போது, இந்தச் சனத்துக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது என்று கருவியை வைத்து நானும் சொன்னேன். முன் வரிசை முழுவதும் திரும்பியது. ஒரு சின்னப் பிள்ளை தாயிடம், "அம்மா, ஆரோ போனை ஓஃப் பண்ணேல்ல" என்றது. கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். பூசை முடியும் மட்டும் வாய் திறக்கவில்லை.

கலியாணத்துக்கு நீ வா, றஹீமா தங்கச்சியையும் கூட்டி வா. பெட்டியையும் கொண்டு வா, பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள். என் குரலை மட்டும் கேட்காதே.

பெனடிக்


பாலமுனை
2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை

அன்பின் நண்பருக்கு,

உமது ஏப்ரல் 22ஆம் திகதிக் கடிதம் நியாயமானது. நான் கேட்டது தவறு. இனிக் கேட்கமாட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் சனிக்கிழமை நல்லபடி கழிந்தது. மறுநாள் பின்னேரம் விளையாட்டு மைதானத்தில் ஒத்திகை வைத்தோம். நிப்றாஸுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"சாச்சா, பொட்டி நல்லாத்தான் பாடுது. ஆனா அது எங்கட காலப் பாக்குமா?" என்றான்.

"ஏன் பார்க்க வேண்டும்?"

"பொடியன்மார் களைச்சா நான் பாட்டக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பன். சூடேறினா விடுவன். முடிவையும் நான்தான் சொல்லணும். நான் சொல்லாம ஒருத்தனும் கம்பக் கீழ பதிக்கமாட்டான். பதிச்சா ஊருக்கே வெக்கம். ஒங்கட பொட்டி முடிவு சொல்லுமா?"

"பெட்டி ஒருபோதும் தாளம் பிசகாது. உன்னைப்போல் நடுவில் இருமாது."

பொடியன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிப்றாஸும் சிரித்தான். பாட்டைப் பெட்டி பார்த்துக்கொள்வதால் அவனும் கம்பெடுத்து வட்டத்தில் நிற்பதாக முடிவானது. பெட்டியின் இசை அற்புதமாக வந்திருக்கிறது என்பதைத் தற்பெருமை இல்லாமல் அறியத் தருகிறேன். அன்றைக்கு நானே பெட்டியை நடத்தினேன். அவர்கள் போதும் என்றதும் மெல்லச் சத்தத்தைக் குறைத்தேன்.

நீர் வாரும். பேசாமலே வாரும்.

இப்படிக்கு,
மு. அச்சிமுகம்மது


பாலமுனை
2025 ஓகஸ்ட் 20, புதன்கிழமை

அன்பின் நண்பருக்கு,

நீர் 22ஆம் திகதி வந்திறங்கும்போது இக்கடிதம் கல்முனை வீட்டில் இருக்கும்படி நிப்றாஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனது வலக்கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்துள்ளது. கொழும்பில் சத்திர சிகிச்சைக்கு 29ஆம் திகதியைக் குறித்துவிட்டார்கள். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்கிறார் வைத்தியர். ஆறு மாதமாக எதற்காகப் பொத்தான்களை அமுக்கினேனோ அந்த நாளில் நான் கண் கட்டிப் படுத்திருக்கப் போகிறேன். எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

பெட்டி நிப்றாஸின் கையில் வரும். எப்படித் தொடங்குவது, எந்த வயரை ஒலிபெருக்கியில் செருகுவது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து அவர்களுடைய ஒத்திகைக்கு நீராவது போய் இரும். கேட்க இரண்டு காது போதும்.

தினேஷாவுக்கு எங்கள் துஆ.

இப்படிக்கு,
மு. அச்சிமுகம்மது


கல்முனை
31.08.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் அச்சி,

உன் கண் கட்டியிருக்கிறது என்று தெரியும். றஹீமா தங்கச்சி, இதை அவனுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டும். இடையில் அவன் திருத்தம் சொன்னால் கேட்க வேண்டாம்.

நீ சொன்னபடி, ஒத்திகை நடந்த ஆறு பின்னேரமும் போனேன். ஒரு மூலையில் கதிரை போட்டுத் தந்தார்கள். வாய் திறக்கவில்லை. ஆனால் நிப்றாஸ் பெட்டி இல்லாமல் தானே பாடிப் பழக்கும்போது முடிவு எப்படிச் சொல்லுகிறான் என்று ஆறு நாளும் பார்த்தேன்: ஒரே தாளச்சொல், மூன்று தடவை.

நேற்று மண்டபத்தில் முந்நூறு பேர். கேக் வெட்டி முடிந்ததும் பொல்லடி. நிப்றாஸ் உன் பெட்டியை மேசையில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு வட்டத்துக்குள் குதித்தான். மச்சான், உன் பாட்டு! அந்தச் சின்னச் சாமான் ஒலிபெருக்கிக்குள் போய் வெளியே வந்தபோது மண்டபத்தின் கதவு அதிர்ந்தது. றொசானின் வீட்டுக் கிழவிகள்கூடக் கதிரையில் இருந்தபடி கை தட்டினார்கள். உன் இரைச்சல் எது, கம்பின் சத்தம் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாட்டு முடிந்தது. உடனே திரும்பவும் தொடங்கியது. சனம் கைதட்டியது. அது முடிந்தது, திரும்பவும் தொடங்கியது. அட மடையா, கேம் பாட்டுக்கு முடிவு ஏது? விளையாடுகிறவன் சாகும் மட்டும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். உலகத்துக்கெல்லாம் திகதி கேட்கிற நீ, உன் பாட்டுக்கு ஒரு முடிவு வைக்கவில்லை!

நாலாம் சுற்றில் பொடியன்மாரின் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. ஆனால் முடிவு சொல்லாமல் ஒருவனும் கம்பைப் பதிக்கவில்லை. நிப்றாஸ் கத்துவது தெரிகிறது, கேட்கவில்லை. உன் பெட்டி அவனுடைய குரலைத் தின்றுவிட்டது. பெரியண்ணன் ஒலிபெருக்கிக்காரனிடம், "தம்பி, வயரைப் பிடுங்கு!" என்றார். அதைக் கண்ட நிப்றாஸ் ஆடிக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான். எனக்கு விளங்கியது. கம்பு தலைக்குப் பின்னால் போகும்போது தாளம் அறுந்தால் ஒருவனுடைய அடி மற்றவனுடைய விரலில் விழும். ஆறாம் சுற்றில் ஒரு பொடியனுக்கு முழங்கால் மடங்கத் தொடங்கியது.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. பெரியண்ணன் நன்றியுரைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தேன். கருவியைக் கழுத்தில் வைத்தேன். ஏற்றமும் வேண்டாம், இறக்கமும் வேண்டாம், தாளம் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"தா தெய்யத் தெய் தா!"

உன் பாட்டைப் பிளந்துகொண்டு போனது, மச்சான். மனிதக் குரலாக இருந்தால் அதற்குள் அமுங்கியிருக்கும். பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பின. இரண்டாம் தடவை சொன்னேன். கம்புகள் மேலே போயின. மூன்றாம் தடவை சொன்னேன். பன்னிரண்டு கம்பும் ஒரே அடியாக நிலத்தில் இறங்கின. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கிக்காரன் வயரைப் பிடுங்கினான்.

சனத்தின் கண்ணெல்லாம் என் கழுத்திலிருந்த கருவியில்தான். 'சரி, பெனடிக், முன் வரிசை திரும்பிவிட்டது' என்று நினைத்தேன். அதற்குள் மண்டபம் எழும்பி நின்றது. முந்நூறு பேர்! விசில், கூச்சல். நிப்றாஸ் நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மாமா, இந்தக் கொரல எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்று கத்தினான்.

பெரியண்ணன் தாளை விரித்துக்கொண்டு மைக்கைக் கேட்டார். கொடுக்கவில்லை. முந்நூறு பேருக்கும் நானே நன்றி சொன்னேன். சாப்பாடு ஆறுகிறது என்று பந்தி விசாரிக்கிறவர் கை காட்டும் வரைக்கும் சொன்னேன். மாப்பிள்ளையைப் பகிடி பண்ணினேன். ஏற்ற இறக்கம் இல்லாமல் பகிடி சொன்னால் இன்னும் கூடச் சிரிக்கிறார்கள், தெரியுமா? தினேஷா என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, என்ர பேரச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொருக்கா" என்றாள். அவள் அழ, நான் சொல்ல, அவள் சிரிக்க, நான் சொல்ல, றொசான் பாவம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வருகிற மாதம் சம்மாந்துறையில் பொல்லடிப் போட்டி. ஏழு ஊர்க் குழுக்கள் வருகின்றன. உன் பெட்டி பாட வேண்டுமாம், நான் முடிவு சொல்ல வேண்டுமாம், இரண்டில் ஒன்று குறைந்தாலும் மேடை ஏறமாட்டோம் என்று நிப்றாஸ் இன்று காலை வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னான். கனடாப் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன். சொனியா ஏசினாள். நானும் என் சொந்தக் குரலில் திருப்பி ஏசினேன்.

கண்ணைக் கவனமாக வைத்துக்கொண்டு கெதியாக வந்து சேர். பாட்டின் வேகம் இரண்டாம் சுற்றில் இன்னும் கொஞ்சம் ஏறவேண்டும் என்பது எங்கள் குழுவின் அபிப்பிராயம்.

இப்படிக்கு,
பெனடிக் நேசரட்ணம்
பாலமுனைப் பொல்லடிக் குழு