சன்னலில் நிற்கும் நான்

மார்ச் 3

முழங்கால் கலகம் செய்கிறது. மாடியிலிருந்து வாசலுக்கு இறங்குவதற்குள் ஒரு சாம்ராஜ்யம் எழுந்து விழுந்திருக்கும். இருந்தும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடு! நடுவில் கதவு, அதன் நெற்றியில் விசிறி வடிவக் கண்ணாடி, இருபுறமும் தராசுத் தட்டுபோல் சன்னல்கள். பாத் நகரத்துச் சூரியன் இதைப் பார்க்கத்தான் உதிக்கிறது.

அக்கா மகள் டாம்சின் வந்தாள். "வெளிய அரண்மனை, உள்ள ஜெயில். இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வித்துடலாம் மாமா. கெய்ன்ஷாம்ல மாடியில்லாத வீடு பாத்து வச்சிருக்கேன்."

அங்கே கதவு ஓரத்தில் இருக்குமாம். ஓரத்தில்! சிங்கத்துக்குக் கன்னத்தில் மூக்கு வைத்ததுபோல்.

மார்ச் 8

முதல் மாடி இடது கோடியில் இருப்பது பொய்ச் சன்னல். வரிசை கெடக் கூடாதென்று கட்டியவர் வைத்தது. பின்னால் வெறும் கல். அதற்குள் என்னை நிறுத்திவிட்டேன்! பலகையில் ஆளுயர ஓவியம் - தொப்பி, தேநீர்க் கோப்பை, உயர்த்திய கை. கூரைத் தண்ணீர்க்குழாய் சுத்தம் செய்ய வந்தவன் ஏணியில் ஏறிப் பொருத்தினான்.

எதிர்வீட்டு குவெண்டா அதைப் பார்த்துக் கையசைத்தாள். நெடுநேரம். நான் சிரித்த சிரிப்பில் புகைபோக்கி ஆடியது.

மார்ச் 14

மேலே தூக்கித் திறக்கும் சன்னல் சட்டங்களுக்கு நானே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். சந்துபொந்து விடாமல். மைக்கேலாஞ்சலோ வெட்கப்பட்டிருப்பார்.

மார்ச் 19

விழுந்துவிட்டேன். முதல் மாடி முன்னறை. கால் மடங்கிக் கிடக்கிறது. தொலைபேசி கீழே. பென்சிலும் இந்த நாட்குறிப்பும் மட்டும் சட்டைப்பையில்.

சன்னலடி வரை தவழ்ந்தேன். சட்டத்தைத் தூக்கினால் - அசையவில்லை. என் வெள்ளை! ஒட்டிக்கொண்டது. எல்லாச் சன்னலும் அப்படித்தானே? கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

எழும்பிப் பார்த்தேன். குவெண்டா வாசலில். பொய்ச் சன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனாள். அங்கே நான் சுகமாக டீ குடிக்கிறேனே.

இருட்டுகிறது. கைத்தடி இருக்கிறது. சன்னல் கண்ணாடியும் இருக்கிறது. வாயால் ஊதிச் செய்த பழைய கண்ணாடி. அதற்குள் தெருவே தண்ணீராய் நெளியும். இதற்காகத்தானே வாங்கினேன் இந்த வீட்டை. உடைப்பதா? நானா?

மார்ச் 21

மருத்துவமனை. உடைத்தேன்.

ஓட்டை வழியே கத்தியதும் குவெண்டா ஓடிவந்து கீழே நின்றாள். "லயனல்? அப்போ அங்க நிக்கறது யாரு?"

"நான்தான்! ஆம்புலன்சக் கூப்பிடு!"

"பத்து நாளுக்கு மேல உங்களுக்குக் கையாட்டிட்டிருக்கேன், பாவி மனுஷா! தொப்பியக்கூட கழட்டலியேன்னு கோபம் வேற."

டாம்சின் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2

விலைக்கு வந்த என் வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி. அந்தப் பெண் மற்றக் கண்ணாடிகளைத் தடவி மயங்கினாள். புதிதாகப் போட்டதன் முன் நின்றாள். "இது மட்டும் ஏன் தட்டையா இருக்கு?"

ஆயிரம் பொய் நாக்கில் வந்தன. "நான்தான் உடைச்சேன்" என்றேன்.

ஏப்ரல் 9

கெய்ன்ஷாம். கதவு ஓரத்தில்தான். சன்னல்கள் பிளாஸ்டிக், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாம்சின் வெளியே போனதும் ஒன்றை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். ஒரு விரல் பட்டதுமே திறந்தது.

அவள் திரும்பி வரும்வரை மூடவில்லை.